மிஸி வரும் நாள்

நான் வருகிறேன் என்று தெரிந்தால் அவர் குளித்துவிடுவார். நல்ல பழக்கம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். காலில் ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் கட்டு சொட்டச் சொட்ட நனையும்படி தலைக்கு ஊற்றிக் குளிக்கிற மனிதரை என்ன செய்வது? குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை மாட்டி, கன்னத்தில் பவுடர் பூசி, முன்வாசல் கிரில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். பக்கத்திலேயே ஒரு நாற்காலி கிடக்கும். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவள். எங்கள் பக்கம் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்கத் தெரியாமல், ஒரு பையில் கத்தரிக்கோலும் பஞ்சும் உப்புநீர்ப் போத்தல்களும் எடுத்துப் போட்டுக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்குக்கும் நடுவே என் சின்னக் காரில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் வீடு சுங்கை லாலாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தியது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னை எப்போதும் மிஸி என்றுதான் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதிக்காரர். சுண்டு விரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்துக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில், புண் மூடாமல் நின்றது. டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். காலில் பாரம் கொடுக்கக் கூடாது, கட்டு நனையக் கூடாது. இதற்கு மேல் எளிமையாக ஒரு டாக்டரால் பேச முடியாது.

முதல் நாள் நான் காரை விட்டு இறங்கியதுமே கதவைத் திறந்து நின்றார்.

"வாங்க மிஸி, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க ணே. கால கீழ வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலயா?"

"சொன்னாரு, சொன்னாரு. மொதல்ல தண்ணி கலக்கிக் கொண்டாறேன். அப்புறம் புண்ணு."

தண்ணி என்றால் வெறும் தண்ணீர் இல்லை. எங்கள் ஊரில் தேநீர், காப்பி, மைலோ எல்லாவற்றுக்கும் அதுதான் பேர். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் அடுப்பு பற்றிய சத்தம் கேட்டது. தட்டில் தேநீரும் வடையும் வைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தார். வடை சூடாக இருந்தது. கடை, தாமானின் மறுகோடியில் இருக்கிறது. அதுவரைக்கும் நடந்து போய் வாங்கி வந்திருக்கிறார். கட்டைப் பிரித்தபோது பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

நான் வாயாடி. ஆஸ்பத்திரி வார்டில் என் குரல் கேட்டால் படுத்திருப்பவர்கள் தூங்குகிற மாதிரி நடிப்பார்கள். அன்றைக்கும் சத்தம் போட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "சீனி போதுமா மிஸி?" என்றார்.

அவருடைய தேநீர் நன்றாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் அதிகம், சீனி அதிகம், தேயிலை கசக்கும். ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். குடித்துத்தான் ஆக வேண்டும்.

பழைய கதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். கட்டு மாற்றும்போது வலியை மறக்கப் பேச்சுக் கொடுப்பது என் வழக்கம். வேலை செய்த காலத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் பாலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போக வேண்டும். ஓர் ஆலையின் அலுவலக வாசலில் கையெழுத்துக்காக வெயிலில் நின்றதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"நெறைய வருசம் போயி வந்திருக்கேன் மிஸி. ஒரு நாளும் ஒரு நாக்காலியக் காட்டி உக்காருன்னு சொன்னதில்ல. லோரி வந்துருச்சான்னு கேப்பாங்க. நான் வந்தேனான்னு கேட்டதில்ல."

சொல்லும்போது கோபம் இருக்காது. பழகிப்போன ஒரு வலியைச் சொல்கிற மாதிரி சொல்வார். எனக்குத்தான் கோபம் வந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான். ஒரு நாளில் பல வீடு ஏறி இறங்குகிறேன். "மிஸி வந்தாச்சு, அம்மா ரூம்ல இருக்காங்க" என்று கையை நீட்டுவார்கள். வேலை முடிந்ததும் அழுக்குப் பஞ்சை எதில் போடுவது என்று நான்தான் கேட்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் நோயாளி இருந்தால் வேறு யாரும் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தேநீர் கலக்க அவர் கற்றுக்கொண்டது மனைவி இறந்த பிறகு. அதற்கு முன்னால் அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூடத் தெரியாதாம். காரியத்துக்கு வந்திருந்த சனங்கள் பாவம் பார்த்து, அவர்களாகவே சமையலறைக்குள் போய்க் கலக்கிக் குடித்தார்கள். அவருக்கும் ஒரு குவளை கொண்டு வந்து கொடுத்தார்கள்.

"என் வீட்டுல, எனக்கே, வந்தவங்க கலக்கிக் கொடுக்கிறாங்க. அன்னைக்குத்தான் மிஸி எனக்கு அழுகையே வந்துச்சு. அவ செத்ததுக்குக்கூட வரல" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்த யாரையும் அவர் வெறுமனே அனுப்பியதில்லை. எரிவாயு உருளை கொண்டு வருகிறவருக்குத் தண்ணி. கூரை பார்க்க வந்தவருக்குத் தண்ணி. தண்ணீர் வடிகட்டி விற்க வந்த ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு ஒன்றும் விற்காமல் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், விற்கிற பேச்சே எடுக்காமல், தேநீருக்காகவே நின்று போவாராம். பிறகு அவருக்குப் பினாங்கில் வேலை கிடைத்து வருவது நின்றுவிட்டது. "நல்ல மனுசன். சொல்லிட்டுத்தான் போனாரு" என்பார்.

அந்தத் தாமானில் பகலில் மனிதர்களைப் பார்ப்பது கஷ்டம். எல்லோரும் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் வருகிறவர்கள் காரிலிருந்தே பொத்தானை அமுக்கிக் கேட்டைத் திறந்து உள்ளே போவார்கள், கேட் மூடிக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரரின் காரை அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. ஆக, புண் வந்த பிறகு ஒழுங்காக அந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். ஒருநாள் விட்டு ஒருநாள்.

மகள் ஜொகூரில் இருந்தாள். ஒரே பிள்ளை. வங்கியில் வேலை, பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள், மின்தூக்கி அடிக்கடி நின்றுபோகும் அடுக்குமாடியில் வீடு. தினமும் அப்பாவுக்குப் போன் செய்வாள், பிறகு எனக்கும் செய்வாள். நல்ல பெண். ஆனால் தூரத்திலிருந்து கவலைப்படுகிறவர்களுக்கு வருகிற வியாதி அவளுக்கும் வந்திருந்தது. இணையத்தில் எதையாவது படித்துவிட்டுக் கேட்பாள்.

"மிஸி, கூடவே தங்கற மாதிரி பணிப்பெண் வெச்சிடலாமா? இல்ல பிசியோ வரச் சொல்லலாமா? நீங்க டெய்லி வந்தா இன்னும் நல்லதா? எது சரின்னே தெரியல லா."

இந்த விஷயத்தில் ஊர் உலகம் செய்கிற கூத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மிஸியை வைத்துக்கொண்டு சட்னி அரைக்கச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், சமையலுக்கு வந்த பெண்ணின் கையில் இன்சுலின் ஊசியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனார்கள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் போட பலமுள்ள ஆள் வேண்டிய இடத்தில், பேச்சுத் துணைக்கு ஒரு கிழவியை வைத்தார்கள். பேச்சுத் துணை மட்டும் வேண்டியவருக்கு மூன்று வேளையும் இரத்த அழுத்தம் பார்க்க ஆள் போட்டார்கள். எல்லோரும் பெரிய மனசோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் தப்பாகிவிடும்.

இவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புண், அதற்குக் கட்டு, அதற்கு மிஸி. மகளிடம் அப்படித்தான் சொன்னேன். நானே வருகிறேன், ஆறிவிடும் என்றேன்.

ஆறவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார், நான் கை வைத்த எந்தப் புண்ணும் இப்படி முரண்டு பிடித்ததில்லை. ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தபோது, அடுத்து வரச் சொன்ன தவணைக்குள் மூடவில்லையென்றால் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். மகள் அன்று போனில் அழுதாள். பாதி காலோடு அப்பாவைத் தனியாக விட முடியாது, தன் வீட்டுக்கு மாடி ஏற முடியாது, அதனால் சுங்கைப் பட்டாணியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அவரிடமும் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை நான் போனபோது சட்டை, பவுடர், தேநீர் எல்லாம் வழக்கம்போல இருந்தன. கட்டு மாற்றி முடித்த பிறகு கேட்டார்.

"அந்த எடத்த நீங்க பாத்திருக்கீங்களா மிஸி?"

"பாத்திருக்கேன் ணே. சுத்தமாத்தான் இருக்கும். சாப்பாடு நல்லா குடுப்பாங்க."

"அது சரி." வாசலைப் பார்த்தார். "அங்க யாராச்சும் வந்தா, நான் உக்காருங்கன்னு சொல்ல முடியுமா? அது என் வீடு இல்லல்ல."

பையை மூடிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அவர் மேல் எரிச்சலாக வந்தது. காலே போகப்போகிறது, இவருக்கு நாற்காலி பற்றிய கவலை என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன்.

அதற்கப்புறம் எனக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். ஒரு வாரம் போல வர முடியாது என்று அவர் மகளிடம் போனில் சொல்லிவிட்டு, யார் வீட்டுக்கும் போகாமல் கிடந்தேன். எனக்குப் பதிலாக ஆள் அனுப்பவும் முடியவில்லை. என் வீட்டில் நான் மட்டும்தான். வீட்டுக்காரர் போய் நெடுங்காலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. படுத்துக்கொண்டு அவருடைய காலைத்தான் நினைத்தேன். கட்டு மாற்றாமல் அழுகியிருக்கும், போச்சு, எல்லாம் போச்சு என்று பயந்தேன். உடம்பு தேறிய உடனே, போன்கூடச் செய்யாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

கிரில் கதவு பூட்டியிருந்தது. கூப்பிட்டபோது உள்ளேயிருந்து நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், சோபாவில் படுத்திருக்கிறார். பழைய கைலி, வெற்று மார்பு, முகமெல்லாம் நரைத்த முள்தாடி. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்த் துண்டைத் தேடினார். "எந்திரிக்காதீங்க ணே, சாவி எங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று கத்தி, ஜன்னல் பக்கத்து ஆணியிலிருந்து சாவியைக் கை விட்டு எடுத்து நானே திறந்தேன்.

கட்டைப் பிரித்தேன். காய்ந்திருந்தது. புண்ணின் ஓரத்தில், மாதக்கணக்கில் நான் பார்க்க ஏங்கிய இளஞ்சிவப்புத் தசை எட்டிப் பார்த்தது. என்னால் நம்ப முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"என்னா ணே பண்ணீங்க? வேற யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

"யாரு வருவா மிஸி? நீங்களும் வரல. படுத்தே கெடந்தேன். ரொட்டியத் தண்ணியில தொட்டுத் தின்னுட்டு, இப்படியேதான் கெடந்தேன்."

குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வருகிற நாளில் அவர் குளித்தார். நான் வருகிற நாளில் வடைக்கு நடந்தார். நான் வருகிற நாளில் அடுப்படியில் நின்றார், வாசலில் நின்றார், நான் போகும்போது கார் திரும்புகிறவரை நின்றார். நான் வராத நாளில் அவருக்குக் காலை ஊன்ற ஒரு காரணமும் இருக்கவில்லை.

உடனே விட்டுவிடவில்லை. எனக்குப் பிடிவாதம் அதிகம். என்றைக்கு வருவேன் என்று சொல்லாமல் வந்து பார்த்தேன். அதனால் மிஸி எந்த நாளும் வரலாம் என்று தினமும் குளித்துத் தயாராகிவிட்டார். குளிக்கும்போது காலில் மாட்ட நெகிழிப் பை கொடுத்தேன். மாட்டினால் வழுக்குகிறது என்று கழற்றி வைத்தார். நானே குடுவையில் தேநீர் கொண்டு போனேன். அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இரண்டாவது தடவை கொண்டு போகவில்லை. எட்டிப் பார்த்த தசை மறுபடி வெளுத்து நைந்துபோனது.

ஒருநாள் தாங்க முடியாமல் கத்திவிட்டேன். "நான் விருந்தாளி இல்ல ணே. மிஸி. வேலைக்கு வர்றவ. என்னப் பாத்து எந்திரிக்காதீங்க."

அவர் நிதானமாகச் சொன்னார். "ஆஸ்பத்திரியிலதான் மிஸி நீங்க மிஸி. இந்தக் கதவத் தாண்டி வந்துட்டா, வந்தவங்க."

இதோடு எப்படி வாதாடுவது? அன்று மாலை ஜொகூருக்குப் போன் செய்தேன்.

"உங்க அப்பாவுக்கு நான் சரியான ஆள் இல்ல மா. என்னைய நிறுத்துங்க."

மகள் பயந்துபோனாள். "ஏன் மிஸி? அப்பா ஏதாச்சும் சொல்லிட்டாரா?"

"ஒண்ணும் சொல்லல. தங்கமான மனுசன். ஆனா வெளிய இருந்து வந்துட்டுப் போறவங்க யாரா இருந்தாலும் அவர் எந்திரிச்சிடுவாரு. கூடவே இருக்கற ஆளு வேணும். ஆம்பள வேணும், பொம்பளைன்னா சட்டையப் போட்டுக்கிட்டு நிப்பாரு. வீட்டோட வீடா கெடக்கற ஆளு. பெரிய படிப்பெல்லாம் வேணாம். கட்டு மாத்த மட்டும் வாரத்துக்கு ஒரு தடவ நான் வந்துக்கறேன்."

"நர்ஸ் இருக்கும்போதே ஆறாத புண்ணு, நர்ஸ் இல்லாம எப்படி மிஸி ஆறும்?"

நியாயமான கேள்வி. விளக்கிச் சொல்ல எனக்கு நேரமெடுத்தது. அவள் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாததால் சரி என்றாள்.

ஆளையும் நானே பிடித்துக் கொடுத்தேன். என்னோடு வார்டில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடோங்குக்காரர், மனைவியை இழந்தவர், பருத்த உடம்பு, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். வந்த அன்று அவருக்கும் சட்டை, பவுடர், தேநீர், பிஸ்கட் எல்லாம் நடந்திருக்கிறது. அவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, "என்னா ணே, ஒரு முட்டகூட இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு ஹாலில் பாயை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறார். அவரே எனக்குச் சொன்னது. பிறத்தியார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்காமல் திறக்கிறவன் விருந்தாளியாக இருக்க முடியாது. அண்ணன் கொஞ்ச நேரம் திகைத்து நின்றிருந்துவிட்டு, தானும் உட்கார்ந்துகொண்டாராம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. உதவியாளர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, காலைக் குளியலறைக்கு வெளியே நீட்டச் சொல்லிக் குளிப்பாட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்தார். இருவரும் பழைய படங்களைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். வாரத்துக்கு ஒருமுறை நான் போகும்போதெல்லாம் புண் சுருங்கிக்கொண்டே வந்தது.

முதல் வாரம் அண்ணன் சட்டை போட்டிருந்தார். அதற்கடுத்த வாரம் பனியன். பிறகு கைலி மட்டும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "வாங்க மிஸி" என்பார். எழுந்திருக்க மாட்டார். நான் மண்டியிட்டுக் கட்டைப் பிரித்து, அளந்து, கழுவி, புதுசு சுற்றுவேன். ஒருநாள், நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"தண்ணி வேணும்னா உள்ள இருக்கும் மிஸி. நீங்களே கலக்கிக் குடிங்க."

இதைத்தான் நான் கேட்டிருந்தேன். இதற்குத்தான் கத்தினேன், ஜொகூருக்குப் போன் செய்தேன், ஆளைத் தேடிப் பிடித்தேன். மிஸியாக இருந்து பார்த்தால் எனக்கு அன்று பெரிய வெற்றி. சமையலறைக்குள் போய் நின்றேன். தேயிலை டப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. கலக்கத் தோன்றவில்லை. என் வீட்டிலும் நானேதான் கலக்கிக் குடிக்கிறேன். இவ்வளவு வீடுகள் ஏறி இறங்குகிற எனக்கு, வருகிறேன் என்று தெரிந்து ஒரு மனிதர் குளித்து நின்ற வீடு அது ஒன்றுதான். அதை நானே சொல்லி நிறுத்திவிட்டேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆஸ்பத்திரித் தவணை வந்தது. புண் மூடிவிட்டது, வெட்ட வேண்டியதில்லை, காலுக்கு ஏற்ற செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் எனக்குப் போன் செய்தாள். குரலில் பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"சரியான ஆளச் சொன்னீங்க மிஸி. அப்பா வீட்டுலயே இருக்கட்டும். அந்த அங்கிளும் இருக்கட்டும். இனிமே நீங்க அலைய வேணாம்."

"நல்லது மா" என்றேன். நல்லதுதான். பட்டியலில் ஒரு வீடு குறைந்தது. அந்த நேரத்துக்கு வேறொரு வீடு வந்தது. சர்க்கரைப் புண்ணுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்?

கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, புடவை கட்டிக்கொண்டு காரை எடுத்தேன். பையை எடுத்துக்கொள்ளவில்லை. போகிற வழியில் பசாரில் ஆரஞ்சுப் பழங்கள் வாங்கினேன். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பதெல்லாம் மறந்தே போயிருந்தது. எனக்கு எப்போதும் கையில் பை இருக்கும்.

உதவியாளர்தான் கிரில்லைத் திறந்தார். அண்ணன் சோபாவில், கைலியில், தாடியோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் காலை என் பக்கம் நீட்டினார்.

"என்னா மிஸி, தவணை ஏதும் இருக்கா? ஆறிடுச்சே."

"புண்ணு பாக்க வரல ணே. சும்மா வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மா. உங்க வீட்டுக்கு."

என் புடவையைப் பார்த்தார். கையிலிருந்த பழப் பையைப் பார்த்தார். நீட்டிய காலை மெல்ல மடக்கிக்கொண்டார். தாடையை ஒருமுறை தடவிப் பார்த்தவர், சோபாவின் கையைப் பிடித்து எழுந்தார்.

"உக்காருங்க மிஸி. இந்த நாக்காலியில, காத்தாடிக் காத்து இங்கதான் நல்லா வரும். தோ, ஒரு நிமிசத்துல வந்துர்றேன்."

உதவியாளர் அவரைப் பிடிக்க எழுந்தார். "நீ உக்காரு, நான் போய்க்கறேன்" என்று அண்ணன் கையை உதறினார். குளியலறை வாசலில் தரை வழுவழுப்பாக இருக்கும். அது எனக்கும் தெரியும், உதவியாளருக்கும் தெரியும். அவர் என்னைத்தான் பார்த்தார். மிஸி ஒரு சத்தம் போட்டால் அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார் என்பது இருவருக்கும் தெரியும்.

நான் சத்தம் போடவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பழங்களை மடியில் வைத்துக்கொண்டு, அவர் குளித்துவிட்டு வருவதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.